ஸ்கீ பூட்ஸை யாரிடம் போய்ப் பொருத்திக்கொள்வது? கடையைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து திரும்பப் போகும் நாள் வரை

பனிச்சறுக்குக்கு ஸ்கீ பூட்ஸ் வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த மாடல் நல்லது?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எந்த மாடல் என்பதை உங்கள் பாதத்தைக் கையில் பிடித்துப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். ஆகவே அவர் யார், எங்கே இருக்கிறார், பூட்ஸ் வாங்கிய பிறகு அவரிடம் மறுபடியும் உங்களால் போக முடியுமா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். இதில் கடைசியாகச் சொன்னதுதான் என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். ஸ்கீ பூட்ஸ் ஒரே நாளில் பொருந்திவிடுவதில்லை. கடை நாற்காலியில் ஒரு மாதிரி இருக்கும், பனியில் ஒரு முழு நாள் சறுக்கிய பிறகு வேறு மாதிரி இருக்கும், உள்ளே இருக்கும் லைனரின் நுரை அமுங்கிய பிறகு இன்னொரு மாதிரி. இந்த மூன்று கட்டத்திலும் உங்கள் காலைப் பார்க்க ஒருவர் வேண்டும். விலை, பிராண்ட், கடையின் பெயர் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

ஸ்கீயை வாடகைக்கு எடுத்துச் சமாளிக்கலாம், தினமும் ஒன்றாக மாற்றிக்கூடப் பார்க்கலாம். பூட்ஸ் அப்படி இல்லை. நீங்கள் முழங்காலை மடக்கிச் சாய்வதெல்லாம் பூட்ஸ் வழியாகத்தான் ஸ்கீக்குப் போகிறது. உள்ளே குதிகால் அரை சென்டிமீட்டர் தூக்கினாலும் அந்த அசைவு ஸ்கீக்குச் சரியாகப் போய்ச் சேராது.

கடைக்காரரை எடைபோட நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

நீங்கள் நிபுணராக வேண்டாம். எதிரே இருப்பவருக்கு வேலை தெரியுமா என்று கண்டுபிடிக்கும் அளவுக்குத் தெரிந்தால் போதும்.

ஸ்கீ பூட்ஸின் அளவு மோண்டோபாயிண்ட் முறையில் வரும், அதாவது பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில். உங்கள் பாதம் 265 மில்லிமீட்டர் என்றால் அளவு 26.5. இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பெரும்பாலான தயாரிப்புகளில் 26-க்கும் 26.5-க்கும் வெளியே இருக்கும் கெட்டி பிளாஸ்டிக் ஷெல் ஒன்றேதான், உள்ளே வரும் அடித்தகடோ லைனரோதான் கொஞ்சம் மாறும். "அரை சைஸ் ஏற்றித் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், ஷெல்லும் மாறுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர் உடனே பதில் சொல்லிவிடுவார்.

அடுத்தது அகலம். லாஸ்ட் என்று சொல்வார்கள், சுமாராக 97 மில்லிமீட்டரிலிருந்து 104 வரை வரும். இந்த எண் வழக்கமாக 26.5 போன்ற ஒரு குறிப்பு அளவில் எடுத்தது, ஆகவே 23.5 பூட்ஸில் "100" என்று போட்டிருந்தாலும் உண்மையான அகலம் அதைவிடக் குறைவு. தவிர, அகலம் மட்டுமே கதை இல்லை. பாதத்தின் மேல்மேடு எவ்வளவு உயரம், குதிகால் எவ்வளவு ஒல்லி, கெண்டைக்கால் எங்கே பருக்க ஆரம்பிக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் பொருத்தம். அகலத்தை மட்டும் பேசிக்கொண்டிருக்கும் கடை பாதி வேலைதான் செய்கிறது.

ஃப்ளெக்ஸ் என்ற கடினத்தன்மை எண்ணையும் பார்ப்பீர்கள், 60-லிருந்து 130 வரையும் அதற்கு மேலும். இதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 100 இன்னொன்றின் 110 போல இருக்கலாம். பிளாஸ்டிக் குளிரில் இறுகவும் செய்யும், அதனால் சூடான கடைக்குள் மெதுவாக வளைகிற பூட்ஸ் மலைமேல் அதே மாதிரி வளையாது. எண்ணைப் பார்த்து ஃப்ளெக்ஸ் முடிவு செய்யாமல், உங்கள் எடை, உயரம், கணுக்கால் முன்னால் எவ்வளவு மடங்குகிறது, எப்படிச் சறுக்குகிறீர்கள் என்று கேட்டு முடிவு செய்கிறவரைத் தேடுங்கள்.

மலையடிவாரமா, உள்ளூரா?

இதற்கு எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது, ஆனால் உங்களுக்கு ஒரு பதில் உண்டு. நீங்கள் வருடத்தில் எத்தனை நாள், எந்த இடத்தில் சறுக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

சறுக்கு மலைக்குப் பக்கத்திலேயே இருக்கும் கடையின் பெரிய பலம், காலையில் சறுக்கிவிட்டு, வலித்த இடம் இன்னும் வலிக்கும்போதே மதியம் போய்க் காட்டலாம் என்பது. சிவந்துபோன தோலே சொல்லிவிடும், நீங்கள் வர்ணிக்கத் தேவையில்லை. அங்கே வேலை செய்பவர்கள் சீசன் முழுக்கப் பாதங்களைத்தான் பார்க்கிறார்கள், கையில் பழக்கம் இருக்கும். குறை என்னவென்றால், விடுமுறை வாரங்களில் கூட்டம் அலைமோதும், யாரும் உங்களுக்காக இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியாது. உங்கள் விடுமுறை நாட்களும் கடையிலேயே கரையும். ஊருக்குத் திரும்பிய பிறகு பிரச்சினை தெரிந்தால் அடுத்த பயணம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் பனியில் சோதிக்க முடியாது. ஆனால் நேரம் இருக்கிறது. சீசனுக்கு முன்பே போகலாம், வீட்டில் போட்டுப் பழகலாம், இரண்டு மூன்று தடவை திரும்பப் போகலாம்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு ஒரு வாரம் மட்டும் சறுக்குகிறவர் என்றால், வீட்டுக்கு எட்டும் தூரத்தில் நல்ல ஃபிட்டர் (பூட்ஸைக் காலுக்குப் பொருத்தித் தருபவர்) இருக்கும்பட்சத்தில் பயணத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பு அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். என்ன மாடல், எந்த இடத்தில் என்ன வேலை செய்தார்கள் என்பதை எழுதி வாங்கிக்கொண்டு போனால், மலையில் அவசரம் வந்தாலும் அங்கே இருக்கும் இன்னொருவர் அதைப் பார்த்துத் தொடர முடியும். மலை பக்கத்திலேயே இருப்பவர்கள், சீசன் முழுக்க ஒரே இடத்துக்குப் போகிறவர்கள் மலையடிவாரக் கடைக்கே போகலாம். உங்கள் பகுதியில் ஃபிட்டரே இல்லை என்றால், பயணத்தின் முதல் நாளை இதற்காகவே விடுங்கள், நேரத்தையும் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். கடைசி நாளில் "ஊருக்குப் போகும்முன் வாங்கிவிடுவோம்" என்று போவது மட்டும் வேண்டவே வேண்டாம், திரும்பப் போக முடியாத கடையில் வாங்கியதாகிவிடும்.

பெரிய சங்கிலிக் கடைகளை மொத்தமாக ஒதுக்கவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம். ஒரு கிளையில் பத்திருபது வருட அனுபவம் உள்ளவர் இருப்பார், இன்னொரு கிளையில் போன வாரம் சைக்கிள் விற்றவர் இருப்பார். கடையை விடுங்கள், ஆளைக் கேளுங்கள். இணையத்தில் வாங்குவது, ஏற்கனவே உங்களுக்குப் பொருந்தி முடிந்த அதே மாடலை, அதே அளவில், அச்சு மாறவில்லை என்று உறுதியாகத் தெரிந்து மறுபடி வாங்குகிறீர்கள் என்றால் மட்டும் சரி.

பெயர்களைத் திரட்டுவது

சறுக்கு ஆசிரியர்கள், மலைமீட்புக் குழுவினர், பந்தயப் பயிற்சியாளர்கள் ஆகியோரைக் கேளுங்கள். இவர்கள் நாள் முழுக்க, சீசன் முழுக்க பூட்ஸில் நிற்கிறவர்கள். பூட்ஸ் சரியில்லை என்றால் இவர்கள் பிழைப்பே நடக்காது. கடையின் பெயரோடு நிற்காமல், "அங்கே யாரிடம் போகிறீர்கள்?" என்று ஆளின் பெயரையும் கேட்டு வாங்குங்கள்.

இணைய விமர்சனங்களைப் படிக்கும்போது "கடைக்குப் போனேன், அருமையாகப் பொருந்தியது" வகையறாவைத் தாண்டிப் போங்கள். அது வாங்கிய அன்றே எழுதியது. ஒரு சீசன் கழித்து எழுதியதைத் தேடுங்கள், குறிப்பாக வலி என்று திரும்பிப் போனபோது கடை எப்படி நடந்துகொண்டது என்று எழுதியதை. முதலில் பிரச்சினை வந்து, பிறகு அதைச் சரிசெய்து கொடுத்ததாக ஒருவர் எழுதியிருந்தால், குறையே சொல்லாத விமர்சனத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

சான்றிதழ்களும் உண்டு. மாஸ்டர்ஃபிட் போன்ற அமைப்புகள் பூட்ஸ் பொருத்துபவர்களுக்கென்றே பயிற்சி வகுப்பு நடத்துகின்றன. சுவரில் அது மாட்டியிருந்தால் நல்லதுதான், ஆனால் பட்டறையில் அவர் எத்தனை வருடமாக நிற்கிறார் என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

தொலைபேசியில் ஐந்து நிமிடம்

போவதற்கு முன் கூப்பிட்டுப் பேசுங்கள். முன்பதிவு எடுக்கிறார்களா, ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள் என்று கேளுங்கள். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் என்றால் நியாயம், அரை மணி நேரம் என்றால் வேறு எண்ணுக்குப் போடுங்கள். ஷெல்லை விரிக்கும் வேலையைக் கடையிலேயே செய்கிறார்களா, வெளியே அனுப்புகிறார்களா? எத்தனை நிறுவனங்களின் பூட்ஸ் இருக்கிறது, உங்கள் அளவில் இப்போது கையிருப்பு எப்படி? சீசன் முடிவில் தள்ளுபடி இருக்கும், ஆனால் நடுத்தர அளவுகள் தீர்ந்துபோய் மிச்சம் இருப்பதில் உங்களைத் திணிக்கப் பார்ப்பார்கள். செருப்புக்காகக் காலை வெட்டும் கதைதான்.

அப்புறம் முக்கியமான கேள்வி: "வாங்கிய பிறகு வலித்தால் என்ன செய்வீர்கள்?" நல்ல கடைகளில் பொருத்த உத்தரவாதம் என்று ஒன்று இருக்கும். எவ்வளவு காலம், எது இலவசம், எதற்குக் காசு, ஷெல்லே தப்பு என்றால் மாற்றித் தருவார்களா என்பதைத் தெளிவாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தயங்காமல் விவரமாகச் சொல்கிறார்களா, "அப்படியெல்லாம் வராது சார்" என்று மழுப்புகிறார்களா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

வேறு இடத்தில் வாங்கிய பூட்ஸைச் சரிசெய்து தருவார்களா என்றும் கேட்கலாம், பல ஃபிட்டர்கள் கட்டணத்துக்குச் செய்வார்கள். ஆனால் ஒருவருடைய இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு, மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு போய் இணையத்தில் வாங்குவது சரியல்ல. அப்படிச் செய்துவிட்டு உங்களால் அவரிடம் திரும்பப் போகவும் முடியாது.

போகும் நாள்

மதியத்துக்கு மேல் போங்கள், பாதம் அப்போது கொஞ்சம் விரிந்திருக்கும். கால் நகங்களை வெட்டிக்கொள்ளுங்கள். மெல்லிய ஸ்கீ சாக்ஸ் ஒரு ஜோடி போதும், தடிமனானதோ இரண்டு அடுக்கோ வேண்டாம். பழைய பூட்ஸ், அதில் போட்டிருந்த ஃபுட்பெட் (பாதத்துக்கு அடியில் வைக்கும் தாங்கல் தகடு) இருந்தால் எடுத்துப் போங்கள், தேய்ந்த இடங்கள் அவருக்குத் தகவல். பழைய எலும்பு முறிவு, கணுக்கால் சுளுக்கு, முழங்கால் அறுவை சிகிச்சை எதையும் மறைக்க வேண்டாம். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களும், விரல்களுக்கு அடியில் நரம்பு வலி உள்ளவர்களும் முதலில் பாத மருத்துவரைப் பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போவது நல்லது.

நாற்காலியில் உட்கார்ந்தபின்

இங்கேதான் ஆளைப் பார்க்க வேண்டும். அலமாரிக்குப் போவதற்கு முன் அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். நல்ல ஃபிட்டர் முதலில் பேசுவார், பிறகு சாக்ஸைக் கழற்றச் சொல்வார். வெறுங்காலை உட்கார்ந்த நிலையிலும் நின்ற நிலையிலும் அளப்பார், ஏனென்றால் நிற்கும்போது பாத வளைவு இறங்கி நீளம் கூடும். எவ்வளவு கூடுகிறது என்பதிலேயே உங்களுக்கு எந்த மாதிரி ஃபுட்பெட் வேண்டும் என்பதற்குக் குறிப்பு இருக்கிறது. இரண்டு காலையும் அளப்பார். முழங்காலை மடக்கச் சொல்லி, குதிகால் தரையை விட்டுக் கிளம்பாமல் கணுக்கால் எவ்வளவு முன்னால் போகிறது என்று பார்ப்பார். கணுக்கால் சரியாக மடங்காதவருக்கு மிகவும் முன்சாய்ந்த பூட்ஸைக் கொடுத்தால் குதிகால் உள்ளே தூக்கிக்கொண்டே இருக்கும், எத்தனை பக்கிளை இறுக்கினாலும் தீராது.

இவை எதுவும் செய்யாமல் "ஷூ சைஸ் என்ன?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பெட்டியோடு வந்தால், நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள்.

அடுத்து ஷெல் சோதனை. லைனரை உருவி எடுத்துவிட்டு, வெறும் ஷெல்லுக்குள் உங்கள் காலை விடச் சொல்வார். விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொடும்படி காலை முன்னால் தள்ளி நிற்க வேண்டும். அவர் பின்னால் குனிந்து, டார்ச் அடித்து, குதிகாலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பார்ப்பார், சிலர் அளவு தெரிந்த ஒரு குச்சியை விட்டுப் பார்ப்பார்கள். சாதாரணமாகச் சறுக்குபவர்களுக்கு அது சுமார் ஒன்றரை சென்டிமீட்டரை ஒட்டி, இரண்டுக்குள் இருக்க வேண்டும். பந்தயக்காரர்கள் ஒன்றுக்கும் கீழே போவார்கள். இரண்டரை, மூன்று என்று இருந்தால் ஷெல் பெரிது, எவ்வளவு சுகமாக இருந்தாலும் பெரிதுதான். அப்படியே காலை நடுவில் வைத்து, பக்கவாட்டில் எலும்பு எங்கே இடிக்கிறது என்றும் பார்ப்பார். லைனரைக் கழற்றாமலே பூட்ஸ் விற்கிறவர் உங்கள் கால் உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்காமலே விற்கிறார்.

லைனரோடு போட்டதும் முதல் ஒரு நிமிடம் "ஐயோ, சின்னது" என்றுதான் தோன்றும். எழுந்து நிற்கும்போது விரல்கள் முன்னால் முட்டும். பக்கிளைப் போட்டு, முழங்காலை முன்னால் தள்ளி மடக்கினால் குதிகால் பின்னால் உட்கார்ந்து விரல்கள் கொஞ்சம் விலகும். அந்த விலகல்தான் சரியான அறிகுறி. குதிகாலும் கணுக்காலும் அசையக் கூடாது, விரல்களை மட்டும் ஆட்ட முடிய வேண்டும். இருபது நிமிடமாவது அதிலேயே நில்லுங்கள். எல்லாப் பக்கமும் சமமாக இறுக்கினால் லைனர் விட்டுக்கொடுக்கும், ஒரே புள்ளியில் குத்தினால் அங்கே வேலை இருக்கிறது.

இந்த இடத்தில் நீங்கள் "இறுக்கமாக இருக்கிறது" என்று சொன்னதும் ஃபிட்டர் என்ன செய்கிறார் என்பதுதான் என்னைப் பொறுத்தவரை ஆகப்பெரிய பரீட்சை. "எங்கே?" என்று கேட்டுக் கையை வைத்துப் பார்க்கிறாரா, அல்லது உடனே ஒரு அளவு பெரியதை எடுத்து வருகிறாரா? பெரிய பூட்ஸ் கடையில் சுகமாக இருக்கும். மலையில் கால் உள்ளே முன்னும் பின்னும் ஓடி, கணைக்கால் இடிபட்டு, நகம் கறுத்து, அதைத் தடுக்க நீங்கள் பக்கிளை இறுக்க, ரத்த ஓட்டம் தடைபட்டுப் பாதம் மரத்துப்போகும். அப்போதும் பூட்ஸ் சின்னது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரிதான ஷெல்லைப் பிறகு யாராலும் சின்னதாக்க முடியாது, ஆனால் சின்ன இடைஞ்சலைப் பெரிதாக்க வழி இருக்கிறது.

"எங்களிடம் உங்கள் காலுக்கு ஏற்றது இல்லை, இன்ன கடைக்குப் போய்ப் பாருங்கள்" என்று சொல்கிற ஃபிட்டர் கிடைத்தால் அவர் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விற்காமல் அனுப்பும் மனசுள்ளவர் சொல்வதை நம்பலாம்.

என்னென்ன வேலை செய்யச் சொல்லலாம், எதைத் தள்ளிப்போடலாம்

ஃபுட்பெட் முதலில். பூட்ஸோடு வரும் அடித்தகடு பெயருக்குத்தான் இருக்கும். பாத வளைவுக்குத் தாங்கல் கிடைத்தால் கால் உள்ளே குறைவாக நீளும், குறைவாகச் சரியும். அளவாகச் செய்ததுதான் வேண்டும் என்று எல்லோருக்கும் கட்டாயம் இல்லை, சிலருக்குத் தயாராகக் கிடைப்பதே போதும். ஏன் வேண்டும் என்று உங்கள் காலைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். முதலில் ஃபுட்பெட்டைப் போட்டு, கால் எங்கே உட்காருகிறது என்று தெரிந்த பிறகுதான் ஷெல்லில் கை வைக்க வேண்டும். வரிசை மாறினால் தப்பான இடத்தில் விரிப்பார்கள்.

லைனரைச் சூடாக்கிக் காலுக்கு ஏற்றபடி வடிவமைப்பது அன்றே செய்யக்கூடிய வேலை. ஷெல்லை விரிக்கும் பஞ்ச் வேலை நுணுக்கமானது. துருத்தும் எலும்பின் மேல் அழியும் மையால் புள்ளி வைத்து, காலை ஷெல்லுக்குள் விட்டு அந்தக் குறியை உள்பக்கம் ஒட்டவைப்பார்கள். அந்த இடத்தை ஹீட் கன்னால் பதமாகச் சூடேற்றி, அழுத்தும் கருவியை உள்ளே வைத்துத் திருகி, அப்படியே ஆறவிடுவார்கள். பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் இதற்கு நன்றாக இணங்கும். கிரிலமிட் போன்ற லேசான பிளாஸ்டிக்குக்கு வேறு வெப்பநிலை, வேறு பொறுமை வேண்டும். உங்கள் பூட்ஸ் எதனால் ஆனது, அதில் எவ்வளவு விரிக்க முடியும் என்று வாங்குமுன்பே கேளுங்கள்.

முதல் நாளே எல்லாவற்றையும் செய்யச் சொல்லாதீர்கள். தெளிவாகக் குத்தும் இடத்தை மட்டும் சரிசெய்துவிட்டு, சந்தேகமானவற்றைச் சறுக்கிய பிறகு பார்ப்போம் என்று சொல்கிறவர் வேலை தெரிந்தவர். விரித்ததையும் அரைத்ததையும் அவ்வளவு எளிதில் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

கிளம்பும் முன் பைண்டிங்கை, அதாவது பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பூட்டை, மறக்க வேண்டாம். பூட்ஸ் மாறினால் அடிப்பாகத்தின் நீளம் மாறும், குதிகால் பக்கத்தில் மில்லிமீட்டரில் அச்சிட்டிருப்பார்கள். பைண்டிங்கை அதற்கேற்ப மறுபடி சரிசெய்தே ஆக வேண்டும். நடக்க வசதியாக வளைந்த கிரிப்வாக் அடிப்பாகம் உள்ள பூட்ஸ் எல்லாப் பழைய பைண்டிங்கிலும் ஒத்துவராது, இது பாதுகாப்பு விஷயம்.

வீட்டிலும் பனியிலும், பிறகு மறுபடி கடைக்கும்

பயணத்துக்கு முன் சில மாலைகள் வீட்டில் அரை மணி, ஒரு மணி நேரம் போட்டு நில்லுங்கள், முழங்காலை மடக்கி மடக்கிப் பாருங்கள். மாற்றித் தர வேண்டி வந்தால் பனி படாத பூட்ஸ் என்பது பேச்சுக்கு உதவும், ஆகவே வெளியே போட்டு நடக்காதீர்கள்.

பனியில் முதல் நாள், பக்கிளை மெதுவாகப் போட்டுத் தொடங்கி, சில ஓட்டங்களுக்குப் பிறகு இறுக்குங்கள். சாக்ஸ் தவிர வேறெதுவும் பூட்ஸுக்குள் போகக் கூடாது, உள்ளாடையின் மடிப்புகூட. வலித்தால் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தக் கால், எந்த இடம், போட்டதுமேயா அல்லது ஒரு மணி நேரம் கழித்தா, லிஃப்ட்டில் உட்காரும்போதா அல்லது சறுக்கும்போதா, பக்கிளைத் தளர்த்தினால் போகிறதா. "கால் வலிக்கிறது" என்று போய் நிற்பதற்கும், "இடது காலில் சுண்டுவிரல் பக்கம், இரண்டாவது மணி நேரத்தில், தளர்த்தினாலும் போகவில்லை" என்று சொல்வதற்கும் ஃபிட்டருக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஒன்றிரண்டு தடவை திரும்பப் போவது சகஜம், அதற்காகச் சங்கடப்பட வேண்டாம். நுரை அமுங்கிய பிறகு குதிகால் ஆட ஆரம்பித்தாலும் போய்க் காட்டுங்கள், லைனரில் திண்டு ஒட்டிச் சரிசெய்யலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஷெல்லைத் திறந்து பார்க்காமல் "பழகினால் சரியாகிவிடும்" என்றே அனுப்பினால், அல்லது அதே இடத்தை மறுபடி மறுபடி விரித்தும் வலி இம்மியும் நகராவிட்டால், உத்தரவாதக் காலம் முடிவதற்குள் ஷெல்லை மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுத்தால், இதுவரை செய்த வேலைகளின் குறிப்பை வாங்கிக்கொண்டு, பட்டியலில் இரண்டாவதாக எழுதி வைத்த ஃபிட்டரிடம் முன்பதிவு செய்துவிடுங்கள்.